கீபோர்டைத் தூக்கிய மாப்பிள்ளை

என் தங்கச்சி கணவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. கடைசியாக அதைக் கல்யாணப் பத்திரிகையில் பார்த்தேன். எங்கள் கடைத்தொகுதியில் காவலாளி முதல் படிக்கட்டு கூட்டுகிற அம்மா வரை எல்லோருக்கும் அவர் ‘தேவையில்லை’தான். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். யாராவது வந்து போன் ரிப்பேர் கடை எங்கே என்று கேட்டால், “மாடிப்படிக்குக் கீழ, தேவையில்லை கடை” என்று கை காட்டுவார்கள்.

அந்தப் பெயரை அவர் உழைத்துச் சம்பாதித்தார். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது அந்தச் சொல் அவர் வாயிலிருந்து விழும். வீட்டில் இரண்டு சுவர்க் கடிகாரங்கள் இருந்தன. ஒரு நேரத்தைப் பார்க்க இரண்டு எதற்கு என்று ஒன்றைக் கழற்றினார். சமையலறைக் கதவு எப்போதும் திறந்துதானே கிடக்கிறது என்று கதவையே கீலோடு கழற்றி மொட்டைமாடியில் சாத்தினார். டிவி ரிமோட்டில் நாற்பது பொத்தான் இருந்ததில் ஆறை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பிடுங்கிவிட்டார். இப்போது அது பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது. வேலை செய்கிறது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்த மாப்பிள்ளையை நாலு இடத்தில் விசாரித்து, ‘நல்ல மனுஷன், கண்ணை மூடிக்கிட்டுக் கட்டிக் கொடுக்கலாம்’ என்று வீட்டில் சொன்னவள் நான். அதனால் பதினொரு வருஷமாக அந்த வீட்டில் எது கழன்றாலும் பழி என் தலையில்தான் விழும். போதாததற்கு என் ஜெராக்ஸ் கடை அவர் கடைக்கு அடுத்த கடை. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அதில் ஒயர் போக அவர் போட்ட ஓட்டை வழியாக அவர் வியாபாரம் முழுக்க என் காதில் விழும்.

அவர் கடை ஆறடிக்கு ஐந்தடி. மேலே மாடிப்படி சாய்வாக இறங்குவதால் உள்ளே போகப் போகக் கூரை தாழ்ந்துகொண்டே வரும். மனிதரோ ஆறடி. பதினொரு வருஷமாக அதே படியில் தலையை இடித்துக்கொள்கிறார். அந்த ஒரு படியை மட்டும் கழற்ற முடியவில்லை என்ற வருத்தம் அவருக்கு உண்டு என்று நினைக்கிறேன். ஒரு மேசை, கழுத்து வளைந்த விளக்கு, சூடான காற்று ஊதும் துப்பாக்கி, தீப்பெட்டி தீப்பெட்டியாகத் திருகாணி. உடைந்த கண்ணாடி மாற்றுவது, சார்ஜ் ஏறாத போனுக்குச் சிகிச்சை செய்வது எல்லாம் சோற்றுக்கு. அவருடைய பிரியம் வேறு. கூடவே வரும் ஆப்களைத் தூக்குவது.

புதுப் போன் வாங்கியவர்களுக்குத் தெரியும். பெட்டியைப் பிரித்து ஆன் பண்ணினால், நாம் கூப்பிடாமலேயே முப்பது நாற்பது பேர் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். விளையாட்டு, கடை, செய்தி, பாட்டு, ஒன்றுக்கு இரண்டாகக் காலண்டர். போகச் சொன்னாலும் போக மாட்டார்கள். மற்ற ஆப்களுக்கு ‘நீக்கு’ என்ற பொத்தான் இருக்கும், இவர்களுக்கு அது இருக்காது. “ஒண்ட வந்த பிடாரி” என்பார் மாப்பிள்ளை. பிடாரியை விரட்ட ஒரு வழி உண்டு. அதற்கு ரூட் பண்ணுவது என்று பெயர். எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். காசு கொடுத்து வீட்டை வாங்கியது நாம். ஆனால் ஒரே ஒரு அறையின் சாவியை மட்டும் வீடு கட்டினவன் கொடுக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டான். அந்தச் சாவியைப் பிடுங்குவதுதான் ரூட். பிடுங்கிவிட்டால் யாரை வேண்டுமானாலும் வெளியே அனுப்பலாம். தப்பான ஆளை அனுப்பினால் வீடே சரிந்து விழலாம். அதற்கும் நாமே பொறுப்பு, கம்பெனிக்காரன் எட்டிக்கூடப் பார்க்க மாட்டான்.

மாப்பிள்ளைக்கு அந்தச் சாவி பிடித்த கையைப் பார்க்க வேண்டும். போனைக் கணினியில் மாட்டி, பட்டியலை மேலிருந்து கீழே ஓட்டுவார். “தேவையில்லை. தேவையில்லை. இதெல்லாம் யாரு கேட்டா? தேவையில்லை.” போனின் சொந்தக்காரர் எதிரே நிற்பார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். ஒருமுறை ஒரு லாரி டிரைவர் போனிலிருந்து ரேடியோவைத் தூக்கிவிட்டார். அந்த ஆள் மறுநாள் திரும்பி வந்து, இருபது மணி நேரம் வண்டி ஓட்டுகிறவனுக்குப் பேச்சுத் துணையே அதுதான் என்றார். மாப்பிள்ளை அதைத் திரும்ப வைத்துக் கொடுத்தார். ஏதோ தன் சட்டையைக் கழற்றிக் கொடுப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு கொடுத்தார்.

அவர் போனில் ஏழே ஆப். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைத் திறந்து காட்டுவார். பிள்ளை முதல் மார்க் வாங்கியது போல ஒரு பெருமை. “ஏழு. ஒரு மனுஷனுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?”

இத்தனையும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். அவர் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, குரலை உயர்த்த மாட்டார், என் கடை மிஷின் மக்கர் பண்ணினால் போட்டதைப் போட்டபடி ஓடி வருவார். கெட்டவராக இருந்தால் என் தங்கச்சி சண்டை போட்டிருப்பாள். நல்லவரோடு சண்டை போடுவது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அவளுக்கு நல்ல குரல். பாட்டுக் குரல் இல்லை, படிக்கிற குரல். சின்ன வயதில் மருந்துப் பாட்டிலில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்தால்கூட, காய்ச்சலில் படுத்திருக்கிற நான் முழுசாகக் கேட்பேன். நாலு வருஷம் முன்னால், குரல் கொடுக்கும் வேலைக்குப் பயிற்சி தருகிறார்கள், மூன்று மாதம், போகட்டுமா என்று கணவரிடம் கேட்டாள். அவர் ஒரு போனின் முதுகைத் திறந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்காமலேயே அந்தச் சொல்லைச் சொன்னார். அவருக்கு அது நினைவுகூட இருக்காது. நூறில் ஒன்று. அவளுக்கு அந்த ஒன்று மட்டும் நினைவிருந்தது.

அதோடு, அவளுடைய போன் அவள் கையில் நிற்கவில்லை. நேற்று இருந்த ஆப் இன்று இருக்காது. படத்தை அழகாக்குவது போயிற்று, நடந்த அடியை எண்ணுவது போயிற்று. எடுத்ததையெல்லாம் தானாகவே மேலே ஏற்றிப் பத்திரப்படுத்தும் ஆப் ஒன்று இருந்தது, அது போன் வாங்கிய அன்றே போயிற்று. கோடு இழுத்துத் திறக்கிற பூட்டு போட்டாள். கண்ணாடியில் படிந்த விரல் தடத்தை விளக்கில் சாய்த்துப் பார்த்துத் திறந்துவிட்டார். கடைசியில், இரண்டு வருஷம் முன்னால், எழுத்தால் ஆன பாஸ்வேர்டு போட்டாள், பதினாறு எழுத்து. “அப்படி என்னடி வச்சிருக்க?” என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாளே தவிரச் சொல்லவில்லை.

இந்த வருஷம் அவளுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. புத்தகங்களை ஒலியாக வெளியிடும் ஒரு நிறுவனம், புதுக் குரல் தேடியது. முதலில் ஒரு முழுப் புத்தகம் படித்து அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் அதையே வெளியிடுவார்கள், தொடர்ந்து வேலையும் தருவார்கள். அவளுக்கு வாய்த்த புத்தகம் எறும்புகளைப் பற்றியது. பதினாலு அத்தியாயம். என்னிடம் மட்டும் சொன்னாள். “அவர்கிட்ட வேலை கிடைச்சப்புறம் சொல்லிக்கலாம்க்கா. முன்னாடியே சொன்னா அவர் என்ன சொல்வார்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.”

எங்கே பதிவு செய்வது? கதவில்லாத சமையலறை வீட்டில் குக்கர் விசில் நடுக்கூடம் வரை வரும். அவள் கண்டுபிடித்த இடம் துணி அலமாரி. தொங்குகிற புடவைகளுக்கும் சட்டைகளுக்கும் நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டால் எதிரொலியே கிடையாதாம். பெரிய பெரிய ஒலிப்பதிவுக்கூடத்தில் பஞ்சு அடைத்துச் செய்வதை இவள் பாவாடை அடைத்துச் செய்தாள். இரண்டு மாதம், தினமும் அவர் கடைக்குப் போனதும் வியர்க்க வியர்க்க உள்ளே உட்கார்ந்து எறும்பு. ஒருநாள் அவர் மறந்து வைத்த மூக்குக்கண்ணாடியை எடுக்கத் திரும்பி வந்து அலமாரியைத் திறந்திருக்கிறார். உள்ளே மனைவி.

“என்ன பண்ற?”

“அந்துருண்டை வைக்கிறேன்.”

“தேவையில்ல. துணில நாத்தம் அடிக்கும்” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மனைவி ஏன் அலமாரியைச் சாத்திக்கொண்டு அந்துருண்டை வைக்க வேண்டும் என்று ஒரு நிமிஷம் யோசித்தாரா? அதுவும் தேவையில்லாத யோசனைதான்.

அனுப்ப வேண்டிய கடைசி நாள் வந்தது. மாலை நாலு மணிக்குள் பதினாலு பதிவும் அவர்கள் இணையப் பக்கத்தில் ஏறியிருக்க வேண்டும். நாலு மணிக்கு மேல் அந்தப் பக்கம் மூடிக்கொள்ளும். என் கடையில் வேகமான இணைப்பு இருப்பதால், பதினொன்றரைக்குப் போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். போன் உயிரைவிட்டுக்கொண்டிருந்தது. தொட்டால் ஒரு நிமிஷம் கழித்து நகர்ந்தது. ஒரு பதிவு ஏறுவதற்குள் இரண்டு முறை உறைந்து நின்றது. என் கணினியில் ஒயர் போட்டு மாட்டினால் அதுவும் பேசவில்லை.

இங்கேதான் நான் என் பொன்னான வாயைத் திறந்தேன். “பக்கத்துலயே வைத்தியரை வச்சுக்கிட்டு ஏன்டி தவிக்கிற? அஞ்சு நிமிஷம் குடு, வேகமாக்கிக் கொடுப்பார்.”

“எதையாவது தூக்கிடுவார்க்கா.”

“தூக்காதீங்கன்னு சொல்லிக் கொடு. நானும் சொல்றேன்.”

பூட்டைத் திறந்து போனை அவர் கையில் கொடுத்தாள். “வேகமாக்கினா மட்டும் போதும். எதையும் தூக்கக் கூடாது. சத்தியமா.”

“சரி, சரி” என்றார் மாப்பிள்ளை. அந்த இரண்டாவது ‘சரி’யிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் ஒரு வக்கீல் குமாஸ்தா இருநூறு பக்கக் கட்டோடு வந்து நின்றார். மூன்று பிரதி வேண்டும் என்றார். நான் மிஷினைக் கவனித்தேன். தங்கச்சி அனுப்ப வேண்டிய கடிதத்தை என் கணினியில் தட்டிக்கொண்டிருந்தாள். ஓட்டை வழியாக மெதுவாக, தூங்குகிறவர் முனகுவது போல, அந்தச் சொல் மறுபடியும் மறுபடியும் வந்துகொண்டிருந்தது. மிஷின் சத்தத்தில் நான் அதைக் காதில் வாங்கவில்லை.

இருபது நிமிஷத்தில் முப்பத்தொன்று. பிறகு கேட்டபோது அவரே எண்ணிச் சொன்னார். முப்பத்தொன்றில் ஒன்று, கம்பெனிக்காரன் கூடவே வைத்து அனுப்பிய கீபோர்டு. எழுத்துத் தட்டும் இடத்தில்கூட விளம்பரம் காட்டும் கழிசடை அது. தங்கச்சி அதைப் பயன்படுத்துவதே இல்லை, தமிழ் தட்ட வசதியாக வேறு ஒன்றைத் தானே இறக்கி வைத்திருந்தாள். ஒரு போனில் இரண்டு கீபோர்டு எதற்கு? இரண்டு கடிகாரம் எதற்கு என்று கேட்டவர் கேட்கிற நியாயமான கேள்வி. தூக்கினார். “ஒரு தடவை அணைச்சு ஏத்தினா பறக்கும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அணைத்து ஏற்றினார்.

போன் உண்மையிலேயே பறந்து வந்தது. வந்து, பாஸ்வேர்டு கேட்டது. பெட்டிக்குள் ஒரு சின்னக் கோடு மினுக் மினுக் என்று கண் சிமிட்டியது. தட்டுவதற்கு எழுத்துகள் வரவில்லை.

விஷயம் இதுதான். போன் அணைந்து எழுந்தால், முதல் முறை பூட்டைத் திறக்கும் வரை நாமாக இறக்கி வைத்த ஆப்கள் எதுவும் விழிக்காதாம். கூடவே வந்தவர்கள் மட்டும்தான் வாசலில் நிற்பார்களாம். தங்கச்சியின் கீபோர்டு உள்ளே உறங்குகிறது. அதை எழுப்ப பாஸ்வேர்டு தட்ட வேண்டும். பாஸ்வேர்டு தட்ட கீபோர்டு வேண்டும். எண் பூட்டாக இருந்தால் திரையே எண்களைக் காட்டியிருக்கும். எழுத்துப் பூட்டு. அதைப் போட வைத்ததும் இவர்தான்.

தங்கச்சி வந்து பார்த்தாள். திரையைத் தொட்டாள். மறுபடி தொட்டாள். “எழுத்து எங்கங்க?”

பதினொரு வருஷத்தில் முதல்முறையாக அவர் முகம் வெளுத்துப் பார்த்தேன். கூரையில் இடித்துக்கொண்டதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

பிறகு சமாளித்துக்கொண்டு, “ஒண்ணும் பிரச்சனை இல்ல. மொத்தமா அழிச்சுப் புதுசாப் போட்டுடலாம். பத்து நிமிஷம்” என்றார்.

“அழிக்கக் கூடாது.”

“உள்ள என்ன இருக்கு? நம்பரெல்லாம் சிம்ல இருக்கும். போட்டோ என் போன்ல இருக்கு. மத்தது எதுவும் தேவை...”

“சொல்லாதீங்க!” என்று கத்தினாள் என் தங்கச்சி. கடைத்தொகுதியே திரும்பியது. என் மிஷின்கூட அந்த நேரம் பார்த்து ஒரு தாளை விழுங்கிக்கொண்டு நின்றது. “அந்த வார்த்தைய இப்ப சொன்னீங்க, நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது.”

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். நிறுவனம், எறும்பு, அலமாரி, அந்துருண்டை, நாலு மணி. அழாமல் சொன்னாள். படிக்கிற குரலில், நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லும் பக்கத்துக் கடை வரை கேட்கிற மாதிரி. நாலு வருஷம் முன்னால் அவர் தலை தூக்காமல் சொன்னதையும் சொன்னாள். மாப்பிள்ளை முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர்மேல் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அதைவிட அதிகமாக என்மேலேயே வந்தது. கொடுக்கச் சொன்னது நான். கட்டிக் கொடுக்கச் சொன்னதும் நான்.

“என்கிட்ட ஏன் சொல்லல?” என்றார்.

“நீங்க கேக்கவே இல்லையே.”

அதன் பிறகு அவர் வேலையில் இறங்கினார். கணினியில் மாட்டிப் பார்த்தார். பூட்டு திறக்காமல் உள்ளே இருப்பதைத் தொட முடியாதபடி அந்தப் போனில் எல்லாம் பூட்டோடு பின்னிக் கிடந்தது. கம்பெனியின் மென்பொருளை முழுசாக இறக்கி, தூக்கிய கீபோர்டை மட்டும் திரும்ப வைக்க ஒரு வழி இருந்தது. இறக்கத் தொடங்கினார். திரையில், இன்னும் ஏழு மணி நேரம் என்றது. என் கடை இணைப்பில் போட்டுப் பார்த்தோம், இன்னும் ஐந்து மணி நேரம் என்றது. மணி ஒன்றே முக்கால். தங்கச்சி என் கடை முக்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள். திரும்பப் பதிவு செய்ய முடியுமா என்று நான் கேட்டேன். “ரெண்டு மாசம்க்கா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வக்கீல் குமாஸ்தாவும் போகவில்லை. அவருடைய இருநூறு பக்கம் மிஷினுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

இரண்டரை மணிக்கு என் பொறுமை போயிற்று. தடுப்பைத் தாண்டி அவர் கடை வாசலில் போய் நின்றேன். இடுப்பில் கை. “என்ன மாப்ள, முப்பத்தொண்ணு தூக்கத் தெரிஞ்சுது, ஒண்ணு தட்டத் தெரியலையா? தட்டுறதுக்கு எழுத்துதானே வேணும்? என் கடைல கம்ப்யூட்டர் கீபோர்டு ஒண்ணு இருக்கே, எச்சில் தொட்டு எழுத்தெல்லாம் அழிஞ்சு போனது, அதைப் பிடுங்கிட்டு வரட்டுமா, உங்க போன் மூஞ்சில மாட்ட?”

நக்கலாகத்தான் சொன்னேன். குத்த வேண்டும் என்றுதான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, என் காலில் விழுந்துவிடுவாரோ என்று ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

“அக்கா,” என்றார், “கொண்டு வாங்க.”

போனில் பென் டிரைவ் மாட்டுவதற்கு ஒரு சாண் ஒயர் விற்கிறார்களே, அது அவர் கடையில் ஒரு டப்பா நிறையக் கிடந்தது. அதன் வழியாகக் கணினியின் கீபோர்டையும் மாட்டலாம். போனுக்குத் தெரியும் அது என்னவென்று. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த யானை சறுக்கி விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஏணி இருந்தது, பயத்தில் கண்ணுக்குத் தெரியவில்லை.

என் கீபோர்டைப் பற்றி இரண்டு வார்த்தை. எட்டு வருஷத்துப் பழசு. எழுத்துகள் தேய்ந்து வெறும் கறுப்புக் கட்டைகள்தான் மிச்சம். எனக்கு விரலே வழி சொல்லும், வேறு யார் தட்டினாலும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். தங்கச்சி தட்டப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. ஐந்து தடவை தப்பாகத் தட்டினால் போன் கோபித்துக்கொள்ளும் என்றார் மாப்பிள்ளை. இரண்டு தடவை ஏற்கெனவே போய்விட்டது.

“நீ சொல்லு, நான் அடிக்கிறேன்” என்றேன்.

தங்கச்சி என்னைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். வக்கீல் குமாஸ்தாவையும் பார்த்தாள். “காதுல சொல்றேன்க்கா.”

“காதுல சொல்ல நேரம் இல்லடி, மணி மூணாகப் போகுது. தமிழா, இங்கிலீஷா?”

“தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிக்கணும்.”

“சரி, சொல்லித் தொலை.”

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “இவர் தேவையில்லை.”

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. வக்கீல் குமாஸ்தா தன்னைச் சொல்கிறாளோ என்று இரண்டு அடி தள்ளி நின்றார். “அது தெரியும்டி, பாஸ்வேர்டைச் சொல்லு” என்றேன் நான். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. மாப்பிள்ளைக்கும் அதே நேரத்தில் உறைத்தது. கையில் போனைப் பிடித்தபடி சிலையாக நின்றார்.

தட்டினேன். பதினாறு புள்ளி வர வேண்டிய இடத்தில் பதினேழு வந்தது. ‘வி’ கட்டை ஒட்டிக்கொள்ளும், சில நேரம் இரண்டாக விழும். அழித்தேன். “இன்னொரு தடவை சொல்லு, எழுத்தெழுத்தா.” சொன்னாள். இந்த முறை பதினெட்டு. மாப்பிள்ளை ஒரு சின்னத் தூரிகையை எடுத்து வந்து, அந்தக் கட்டையைக் கழற்றி, அடியில் இருந்த எட்டு வருஷத்து அழுக்கைத் துடைத்து மாட்டினார். தன்னைத் தேவையில்லை என்று சொல்வதற்குத் தோதாகத் தானே துடைத்துக் கொடுத்தவர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மூன்றாவது முறை அவள் சொல்லவே இல்லை. அவர் சொன்னார். குனிந்து, போனைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, எழுத்தெழுத்தாக, அவரே. நான் தட்டினேன். பதினாறு புள்ளி. போன் திறந்துகொண்டது.

மணி மூன்று பத்து. இன்னும் முடியவில்லை. ஒலிப்பதிவு செய்யும் ஆப் இருந்த இடத்தில் வெறும் சுவர். முப்பத்தொன்றில் அதுவும் ஒன்று. தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை கோப்புகளுக்குள் போனார். கதவு கதவாகத் திறந்து பார்த்தார். ஏதோ ஒரு மூலையில் வரிசையாக நின்றன, ‘எறும்பு 1’ முதல் ‘எறும்பு 14’ வரை. ஆப்தான் போயிருந்தது, அது பெற்ற பிள்ளைகள் பத்திரம்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒன்றை அழுத்தினார். மாடிப்படிக்குக் கீழேயிருந்து என் தங்கச்சியின் குரல் எழுந்தது. எறும்புகள் பாதையைத் தவறவிட்டால் எப்படித் திரும்பக் கண்டுபிடிக்கின்றன என்று அந்தக் குரல் சொன்னது. அவசரம் இல்லாமல், நமக்கு மட்டும் சொல்வது போல. மேலே படியில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். வக்கீல் குமாஸ்தா தன் கட்டை மறந்தார். ஒரு நிமிஷம்தான் ஓடியிருக்கும். மாப்பிள்ளை நிறுத்தவில்லை. தங்கச்சிதான் கையை நீட்டி நிறுத்தி, “நேரமாச்சு” என்றாள்.

முப்பத்தொரு பேர் போனதில் போன் நிஜமாகவே பறந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மூன்று ஐம்பத்திரண்டுக்குப் பதினாலாவது எறும்பு போய்ச் சேர்ந்தது.

வேலை கிடைத்தது. இப்போது அவளுக்கு நாலாவது புத்தகம் ஓடுகிறது, அலமாரியில் மாப்பிள்ளை ஒரு சின்ன விளக்கும் சத்தம் போடாத காற்றாடியும் மாட்டிக் கொடுத்திருக்கிறார். அவருடைய சட்டைகளெல்லாம் உள்ளேயே இருக்கட்டும், எதிரொலிக்கு நல்லது என்று விட்டுவிட்டார். சமையலறைக் கதவு மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்து, துருப்பிடித்த கீலோடு பழைய இடத்தில் கிரீச்சிட்டுக்கொண்டு நிற்கிறது.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டாயா என்று தங்கச்சியிடம் கேட்டேன். “எதுக்குக்கா? இப்பல்லாம் மெசேஜ் வந்தா அவர்தான் எடுத்துத் திறந்து கொடுக்கிறார். தினமும் அவர் கையாலயே தட்டட்டும்” என்றாள். நல்லவரோடு சண்டை போடுவது எப்படி என்று ஒருவழியாகக் கற்றுக்கொண்டாள்.

கடையிலும் மனிதர் மாறிவிட்டார். முன்பு இருபது நிமிஷத்தில் முடிந்த வேலைக்கு இப்போது ஒரு மணி நேரம். ஒவ்வொரு ஆப்பாகக் காட்டி, “இது வேணுமா? நிஜமாவே வேண்டாமா? வீட்ல யாருக்காச்சும் வேணுமா?” என்று கேட்டு உயிரை வாங்குகிறார். வந்தவர்கள், “எதையோ தூக்கித் தொலைங்க சார்” என்று கெஞ்சுகிறார்கள். பெயர் மட்டும் மாறவில்லை. பெயர் அவ்வளவு சீக்கிரம் கழன்று வராது.

போன வாரம் ஓட்டை வழியாக ஒரு குரல். “அக்கா, சில ராணி எறும்பு இருபது வருஷத்துக்கு மேல உயிரோட இருக்குமாம், தெரியுமா?” போய்ப் பார்த்தேன். கழுத்து விளக்கின் கீழே ஒரு போனின் வயிற்றைக் கிழித்து வைத்திருந்தார். பக்கத்தில் அவருடைய சொந்தப் போன் பாடிக்கொண்டிருந்தது, இல்லை, படித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது முறையாக எறும்பு கேட்கிறாராம். அந்த நிறுவனத்தின் ஆப்பை இறக்கி வைத்திருந்தார். ஏழாக இருந்தது எட்டாகியிருந்தது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குரல் நின்று, ஷாம்பு விளம்பரம் ஒன்று குதித்தது. அது முடிந்ததும் இன்னொன்று. மேலே ஒரு மணி அடித்து, ‘உங்களுக்காகப் புதிய புத்தகங்கள்’ என்றது. போன் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளலாமா என்றும் கேட்டது, அவர் அனுமதி என்பதை அழுத்தினார். என்னால் தாங்க முடியவில்லை.

“என்ன மாப்ள, பிடாரியைவிட மோசமா இருக்கே. அவ படிச்சதைத்தான் அவகிட்டயே வாங்கிக்கலாமே. இதைத் தூக்கிட வேண்டியதுதானே?”

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். விளம்பரம் முடிந்து என் தங்கச்சி மறுபடி பேசத் தொடங்கும் வரை காத்திருந்தார்.

“இருக்கட்டும்க்கா” என்றார்.